ஏழாவது தூணின் ஜூலை இருபது

மாறங்குடி கொலுமண்டபத்தின் ஏழாவது தூணை ஜூலை 20ஆம் தேதி கேட்பது என்று அரசு ஆணை வந்தபோது, அந்தத் தேதியில் அந்தத் தூணுக்கு வேறு யாரும் உரிமை கொண்டாட மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அமலோற்பவமும் அப்படித்தான் நினைத்தாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. தொல்லியல் துறையின் கல்லொலிப் பிரிவில் பதினான்கு வருடமாகக் கேட்பாளர் வேலை. பழைய கல்லில் ஊறிப்போன சத்தத்தை வெளியே எடுக்கும் இயந்திரத்துக்கு அரசுக் கோப்புகளில் நீளமான பெயர் ஒன்று உண்டு. பிரிவில் இருந்தவர்கள் அதைக் 'காது' என்றுதான் சொன்னார்கள். காதைத் தூணில் பொருத்தி, தலையில் கேட்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் உத்தியோகம். இதுவரை அறுபத்தொரு தேதிகளைக் கேட்டிருந்தாள். ஒரு கோயிலில் மன்னர் நிலம் தானம் செய்த நாளைத் தேடிப் போய், இரண்டு கல்தச்சர்கள் ஒரு உளிக்காக அரைநாள் சண்டை போட்டதைப் பதிவு செய்துகொண்டு திரும்பினாள். இன்னொரு கோட்டையில் உடன்படிக்கை கையெழுத்தான மாலையில் கிடைத்தது யாரோ ஒருவருடைய இருமல். வரலாறு பெரும்பாலும் பக்கத்து அறையில் நடந்திருக்கிறது என்பது அவளுடைய அனுபவம். இதை அவள் அறிக்கைகளில் எழுதுவதில்லை.

மாறங்குடியில் தேடியது பாளையக்காரர் சிங்கமுகத் துரையின் குரல். 1801ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி கும்பெனிப் படை அவரைப் பிடித்து, அவருடைய கொலுமண்டபத்திலேயே நிறுத்தி விசாரித்தது, அங்கே அவர் ஏதோ பேசினார், மறுநாள் தூக்கிலிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரத் தளபதி தன் தமையனுக்கு எழுதிய கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. என்ன பேசினார் என்று தளபதி எழுதவில்லை. பேருந்து நிலையத்துச் சிலையின் பீடத்தில் 'என் தலை மண்ணில் விழும். என் மண் தலைகுனியாது' என்று பொறித்திருக்கிறார்கள். அது உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் 1958ஆம் ஆண்டு விழா நாடகத்துக்காக எழுதிய வசனம். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இப்போது 2051. இருநூற்றைம்பதாவது ஆண்டு. அசல் குரலையே ஒலிபரப்பிவிடலாம் என்று விழாக்குழு முடிவு செய்திருந்தது.

மண்டபத்தில் பன்னிரண்டு தூண்கள். பதினொன்றை வெவ்வேறு காலங்களில் மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஏழாவது மட்டும் பழையது.

மே மாதம் அமலோற்பவம் கருவியோடு வந்து இறங்கிய வாரத்தில் மண்டபத்து ஆழ்குழாய் மோட்டார் எரிந்துபோனது. காவலாளி போய் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அந்த அம்மாளுடையது ஒன்றுதான் என்றார். பெயர் பஞ்சவர்ணம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியாக, நிமிர்ந்த உடம்பு. மோட்டாரைக் கடைக்குத் தூக்கிப் போகாமல் மண்டபத்திலேயே பிரித்துப் போட்டு, ஏழாவது தூணுக்கு எதிரே உட்கார்ந்து மூன்று நாள் தாமிரக் கம்பி சுற்றினாள். அவசியமில்லாமல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் மோட்டார் ஓடி, குழாயில் தண்ணீர் கொட்டிய பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தத் தூணத்தான் கேக்கப் போறீகளா?"

ஆமாம் என்றாள் அமலோற்பவம்.

"அதென்ன ஜூலை இருபதுன்னு? நாளைக்கே கேட்டா என்ன?"

"பூமி சூரியனச் சுத்துதுல்லக்கா. போன வருசம் இதே தேதிக்கு எங்க நின்னுச்சோ அங்க மறுபடி வந்து நின்னாத்தான், அந்தத் தேதியில வாங்குன சத்தத்தக் கல்லு விடும். மத்த நாள்ல அது வெறும் கல்லு."

"சூரியனும் ஒரு இடத்துல நிக்கிறதில்லன்னு எம்மக படிக்கிறப்பச் சொல்லியிருக்கா."

"நிக்கிறதில்லதான். அப்புறம் எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்கும் தெரியாது. செய்யுது."

பஞ்சவர்ணம் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டாள். மோட்டார்களிலும் அப்படிச் சில உண்டு.

"எல்லா வருசத்து ஜூலை இருபதும் உள்ள இருக்குமா?"

"இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும். போன வருசம் மேல, பழசெல்லாம் அடியில. அடிக்குப் போகணும்னா மேல உள்ளத ஒவ்வொண்ணா உரிச்சுக்கிட்டுத்தான் போகணும்."

"உரிச்சது?"

"போயிரும். ஒரு தடவைதான். அதுக்கப்புறம் அந்தத் தேதிக்கு அந்தத் தூண் செவிடு."

பஞ்சவர்ணம் தூணைப் பார்த்தாள். பிறகுதான் தன் கணவனைப் பற்றிச் சொன்னாள்.

2027இல் மாறங்குடிக் காவல் நிலையத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பதினெட்டு மாதம் நிலையம் இந்த மண்டபத்தில்தான் இயங்கியது. அந்த வருடம் ஜூலை 20, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூமிநாதனைக் கடையிலிருந்து அழைத்துப்போனார்கள். மின்வாரியக் கிடங்கில் தாமிரக் கம்பி திருடுபோயிருந்தது. ஊரில் தாமிரக் கம்பியோடு புழங்குகிறவன் அவன். சாயங்காலம் நான்கு மணிக்கு அரசு மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது. மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள். அவனுக்கு முப்பத்தாறு வயது. சர்க்கரை உண்டு, இதயத்தில் ஒன்றும் கிடையாது. கோட்டாட்சியர் விசாரித்தார். சாட்சி யாருமில்லை. கோப்பு மூடப்பட்டது.

"ஒங்க ஆபீசுக்கு மூணு மனு போட்டுட்டேன்" என்றாள் பஞ்சவர்ணம். சேலை மடிப்பிலிருந்து ஒரு பதில் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

தங்கள் கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் என்று தொடங்கியது கடிதம். ஒரு தேதியில் ஒரு கல்லில் ஒரு நிகழ்வை மட்டுமே கேட்க இயலும் என்பதால், அச்சிட்ட நூல்களில் குறைந்தது இரண்டில் இடம்பெற்ற நிகழ்வே குறிப்பிடத்தக்க நிகழ்வாகக் கருதப்படும் என்றும், மேற்படி நிகழ்வு அவ்வாறு கருதத்தக்கதன்று என்றும் அது முடிந்தது. கீழே உதவி இயக்குநர் அறவாழியின் கையெழுத்து. அமலோற்பவத்தின் மேலதிகாரி. கெட்டவர் அல்ல. விதியை அவர் எழுதவில்லை.

"புஸ்தகத்துல வரணும்னா அவரு என்ன பண்ணியிருக்கணும்?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம். குரலில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

 அமலோற்பவம் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். தான் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று இருந்தது. காது உரிக்க உரிக்கக் கல் சூடேறும். சூடு எல்லை தாண்டினால் தூண் விரிசல் விட்டுவிடும். அதனால் வழியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம், கருவியை நிறுத்தி ஆறவிடலாம். எந்த வருடத்தில் நிறுத்துவது என்பது கேட்பாளரின் முடிவு. நிறுத்திய இடத்தில் கல் சும்மா இருக்காது. அந்த வருடத்துச் சத்தத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும், கருவியும் பதிந்துகொண்டே இருக்கும். பதினான்கு வருடத்தில் அமலோற்பவம் அந்த நிமிடங்களில் தேநீர் குடித்திருக்கிறாள்.

"எத்தனை மணிக்கு நடந்துச்சு?" என்று கேட்டாள்.

பஞ்சவர்ணம் உடனே சொன்னாள். "பதினொண்ணே முக்காலுக்கு மேல. அதுக்கு முந்தி ஒண்ணுமில்ல. பதினொண்ணே முக்கால்லருந்து கேட்டாப் போதும்."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"வெளிய. வேப்பமரத்தடியில. மாத்திரை எடுத்துட்டு வந்தேன், உள்ள விடல. நாலு மணி வரைக்கும் அங்கனயேதான் உக்காந்திருந்தேன். விசாரணையிலயும் அதத்தான் சொன்னேன்."

அமலோற்பவம் எதையும் உறுதி சொல்லவில்லை. பஞ்சவர்ணமும் கேட்கவில்லை. மோட்டாரை மாதம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 20, வியாழக்கிழமை. மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட்டு ஐந்நூறு நாற்காலி வரிசை வைத்திருந்தார்கள். அமைச்சர் பதினொன்றரைக்கு வருவார், பன்னிரண்டுக்கு ஒலிபரப்பு. காலை ஆறு மணிக்கு அறவாழி ஊதுவத்தி ஏற்றி வைக்க, அமலோற்பவம் காதைத் தூணில் பொருத்திக் கேட்பானை மாட்டினாள். ஒலிபரப்புத் தொடங்கும்வரை சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்கும்.

2050 உரிந்தது. ஏழெட்டு நொடி காவலாளியின் குறட்டை. 2049: சுற்றுலா வந்த ஒரு குழந்தை ஐஸ் கேட்டு அழுதது. 2046: யாரோ யாரிடமோ இந்தத் தூண்தான் அசல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2041, 2040, 2039 மூன்றிலும் புறா. அவள் வருடங்களைச் சீட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டது. 2029இல் மண்டபம் பூட்டிக் கிடந்தது. 2028இல் மேசை நாற்காலிகளை லாரியில் ஏற்றினார்கள்.

2027 வந்தபோது மணி ஆறு இருபத்துமூன்று. கல்லின் சூடு முப்பத்தொரு பாகை. எல்லை அறுபது.

அவள் நிறுத்தினாள்.

காரணம் என்னவென்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். இரக்கம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று நாள் ஒரு பெண் தன் கணவன் செத்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சுற்றுக்கூடத் தப்பாமல் கம்பி கட்டியதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வருடத்தைப் புறாக்களோடு சேர்த்து உரித்துப் போட அவள் கை வரவில்லை. அவ்வளவுதான்.

கருவியின் நேர முள்ளைப் பதினொன்றே முக்காலுக்குத் திருப்பினாள். ஆனால் லீப் வருடங்கள் சேரச் சேர நாளுக்குள் நேரம் முன்னே பின்னே நகரும். அரைமணி முன்பின் இல்லாமல் எந்தக் கேட்பாளராலும் நிறுத்த முடியாது. கேட்பானில் முதலில் வந்தது ஒரு பெண்ணின் குரல். வெளியிலிருந்து, கதவுப் பக்கத்திலிருந்து வந்தது. இளம் குரல்தான், இருந்தும் அமலோற்பவம் உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று அந்தக் குரல் கெஞ்சியது. ஓர் ஆண் குரல், அலுப்போடு, அவன் சாப்பிட்டுவிட்டான், எல்லாம் ஆகிவிட்டது என்றது. அவள் மறுபடி கேட்டாள். அப்போது அந்த ஆண் குரல் இறங்கிப் பேசியது: கம்பி உன் வீட்டிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இங்கேயே நின்றால் உன் பெயரையும் எழுதிக்கொள்வேன், பிள்ளையை யார் பார்ப்பார்கள்.

 பிறகு, "சரிங்க" என்றாள் அவள். செருப்புச் சத்தம். சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கும் சத்தம். சைக்கிள் தூரப் போனது.

நிறுத்திய பிறகு, எந்த நேரத்தில் நிற்கிறோம் என்பதைக் கருவி சரியாகக் காட்டிவிடும். அமலோற்பவம் பார்த்தாள். பதினொன்று இருபத்திரண்டு. நான்கு மணி அல்ல.

தூணுக்கு மிக அருகில் இன்னொரு குரல் கேட்டது. தூணோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள் போல. அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

"நல்லது" என்றது அந்தக் குரல். மூச்சு ஒன்று நீளமாக வந்தது. "சார், அந்த மாத்திரைய மட்டும் வாங்கிருக்கலாம்ல."

பிறகு நடந்ததை அமலோற்பவம் முழுவதும் கேட்டாள். கேட்பானைக் கழற்றவில்லை. மூன்று பேர் இருந்தார்கள். ஒருவரை மற்றவர்கள் பெயர் சொல்லியும் பதவி சொல்லியும் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போதே பூமிநாதனின் குரல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவர்கள் அவனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பதாவது நிமிடத்தில் கருவி தானாக மணியடித்தது. அவள் சீட்டில் வருடத்தைக் குறித்தாள். 

அறவாழி பின்னால் வந்து நின்றிருந்தார். வெப்பமானியைப் பார்த்தார். அது இப்போது இருபத்தாறு காட்டியது.

"இதுக்குள்ளயா சூடாயிருச்சு?" என்றார்.

"ஆயிருச்சு சார்."

அவர் சற்று நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். சீட்டில் வருடத்தைப் பார்த்தார். மூன்று மனுக்களுக்குப் பதில் எழுதியவர் அவர். அந்த வருடம் அவருக்கு மறந்திருக்காது. பந்தல் வேலையைப் பார்க்கப் போனார்.

அவள் தொடர்ந்து உரித்தாள். 1976இல் அதே தேதியில் செவ்வாய்க் கோளில் ஒரு கருவி இறங்கியது; அப்போது இதே மண்டபத்தில் இருந்த தாலுகா கச்சேரியில் ஒருவர் சர்க்கரைக்கான குடும்ப அட்டையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். 1969 ஞாயிற்றுக்கிழமை. வானொலி வைத்திருந்த யாரோ, நிலாவை மூன்று பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், விடிவதற்குள் இறங்கிவிடுவார்கள் என்றார். கேட்டவர் எதற்கு என்றார். உலகமெல்லாம் ஜூலை 20 என்று கொண்டாடும் அந்த இறக்கம் இந்தியக் கடிகாரத்தில் 21ஆம் தேதி. தூணுக்கு அது தெரியாது. 1944இல் ஜெர்மனியில் ஒரு பெட்டிக்குள் வைத்த குண்டு வெடித்து, கொல்ல வேண்டியவரைக் கொல்லாமல் விட்டது. மாறங்குடியில் மண்ணெண்ணெய் வரவில்லை. 1914இல் ஒரு குமாஸ்தா மைத்துனன் கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்புக் கேட்டார், மறுத்துவிட்டார்கள்.

1877இல் கல் நிஜமாகவே சூடேறி அவள் நிறுத்த வேண்டி வந்தது. அது தாது வருடப் பஞ்சத்தின் தொடர்ச்சி. கச்சேரி வாசலில் நூற்றுக்கணக்கான பேர் நின்றார்கள் போல. நாற்பது நிமிடமும் ஒரே ஒரு சொல்தான் வெவ்வேறு குரல்களில் வந்தது. கஞ்சி. உள்ளே ஒருவர் நிதானமாகப் பெயர்களைப் படித்து, இன்று இவ்வளவு பேருக்குத்தான் என்றார். இதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஜூலை இருபது.

பதினொன்றரைக்கு அமைச்சர் வந்தார். பதினொன்று ஐம்பதுக்கு 1801 திறந்தது. பன்னிரண்டு மணிக்கு ஐந்நூறு பேர் எழுந்து நிற்க, ஒலிபெருக்கிகள் இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய கொலுமண்டபத்தை மாறங்குடிக்குக் கேட்கச் செய்தன.

துடைப்பச் சத்தம். யாரோ மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பெருக்கி முடித்ததும் காக்கை கரைந்தது. தூரத்தில் ஓர் ஆடு. இருபது நிமிடம் கழித்து அமைச்சர் உட்கார்ந்தார், எல்லோரும் உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் முள்ளைக் காலைக்குத் திருப்பினாள், பிற்பகலுக்குத் திருப்பினாள், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திருப்பினாள். ஒருவன் வந்து, மாட்டுக்கு லாடம் கழன்றுவிட்டது, எவனையும் காணோம் என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். தளபதி தேதியைத் தவறாக எழுதினாரோ, வேறு மண்டபத்தைச் சொன்னாரோ, தமையனிடம் பெருமைக்குச் சொன்னாரோ, அன்று அங்கே யாரையும் விசாரிக்கவில்லை.

விழாக்குழு பந்தலுக்குப் பின்னால் கூடிப் பேசியது. மறுநாள் செய்தித்தாள்களில், எதிரியிடம் ஒரு சொல்லும் உதிர்க்காத மாவீரரின் மௌனத்தை மக்கள் கண்ணீர் மல்கக் கேட்டார்கள் என்று வந்தது. பீடத்து வசனத்தை அப்படியே விடுவதென்று முடிவானது.

அமலோற்பவத்துக்கு ஒரு குறிப்பாணை வந்தது. தேவையற்ற நிறுத்தத்தால் கருவி நேரம் வீணானதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கல் சூடு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் கருவிக் கிடங்குக்கு மாற்றல் ஆணை வந்தது. அறவாழி அதை நேரில் கொடுத்தார். கொடுக்கும்போது, நிறுத்த நேரப் பதிவுகளும் அரசு ஆவணம்தான், யாரும் அதில் கை வைக்க முடியாது, சம்பந்தப்பட்ட குடும்பத்தார் படிவம் ஒன்பதில் கேட்டால் நகல் தர வேண்டும், கேட்காவிட்டால் ஐம்பது வருடம் முத்திரையிட்டு வைக்க வேண்டும் என்று, அவளுக்குத் தெரியாததுபோல் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் பதிவின் நகல் ஏற்றிய சிறு கருவியையும் அந்தப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு பஞ்சவர்ணத்தின் கடைக்குப் போனாள். பஞ்சவர்ணம் ஒரு நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து, முக்காலியைத் துடைத்துப் போட்டாள். 

"கெடச்சுச்சுக்கா" என்றாள் அமலோற்பவம். "பேர் சொல்லிக் கூப்பிடுறது வரைக்கும் தெளிவா இருக்கு."

பஞ்சவர்ணம் கடைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆனா நீங்க சொன்ன நேரத்துக்கு நிக்கல. கொஞ்சம் முந்தியே ஆரம்பிச்சிருச்சு. பதினொண்ணு இருவது மாதிரி."

பஞ்சவர்ணத்தின் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோனது. அமலோற்பவம் கண்ணைத் திருப்பிக்கொண்டு, ஒரு தடவையில் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னாள். பதிவை வெட்ட முடியாது. வாங்கினால் முழுதாக வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டுவிடலாம், ஐம்பது வருடத்துக்கு யாருக்கும் தெரியாது. கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த இரண்டு நிமிடத்தைத்தான். நான்கு மணி வரை இருந்தேன் என்று சத்தியம் செய்து சொன்னது அங்கே பொய்யாகும்.

 தெருவில் தண்ணீர் வண்டி ஒன்று போனது.

"பிள்ள பக்கத்து வீட்டுல இருந்துச்சு" என்றாள் பஞ்சவர்ணம். "நாலு வயசு. எம்பேரையும் எழுதிருவேன்னான். சரிங்கன்னுட்டேன். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போயிக் கொழம்பு வச்சேன். அவரு வந்தாச் சாப்பிடுவாருன்னு." நிறுத்தினாள். "அவரு உள்ள இருந்து, நான் நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாரு. இல்லன்னா, விட்டுட்டுப் போயிட்டாளேன்னு நெனச்சிருப்பாரு. ரெண்டுல எதுன்னு இருவத்தி நாலு வருசமா எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் பயம். அதான் முக்காலுக்கு மேல கேளுங்கன்னேன்."

எதுவென்று அமலோற்பவத்துக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது அவள் வாயால் வர வேண்டிய செய்தி அல்ல. கேட்பானை எடுத்து நீட்டினாள். பஞ்சவர்ணம் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, மோட்டாரின் இரும்புக் கூட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

தன் இளவயதுக் குரல் கேட்டபோது உதடு துடித்தது. 'சரிங்க' வரும் இடத்தில் தலை குனிந்தது. அமலோற்பவத்துக்கு அது எத்தனையாவது நொடி என்று தெரியும். அதற்குப் பிறகு எட்டு நொடி. பஞ்சவர்ணத்தின் தலை மெதுவாக நிமிர்ந்தது. எதிரே ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்தாள். கையைத் தூக்கி, நிறுத்தச் சொன்னாள்.

"மறுபடி வைங்க" என்றாள். "இதத் திரும்பக் கேக்கலாம்ல? இதுவும் ஒரு தடவைதானா?"

"இது நகல்க்கா. எத்தனை தடவை வேணாலும் கேக்கலாம்."

ஐந்து தடவை கேட்டாள். ஐந்தாவது முறை அழுதாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க, வெகுநேரம் அழுதாள். பிறகு மீதி முப்பத்தேழு நிமிடத்தையும், ஒரு இடத்தையும் தாண்டாமல், முழுக்கக் கேட்டாள்.

அந்த வழக்கு பிற்பாடு இரண்டு வருடம் நடந்தது. பஞ்சவர்ணத்தின் பொய்யை வைத்து எதிர்த்தரப்பு நான்கு அமர்வுகளை இழுத்தடித்தது. மூவரில் ஒருவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். மற்ற இருவருக்கும், துணைக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றிருந்தவர் உட்பட, தண்டனை கிடைத்தது. கல்லொலிப் பிரிவுக்கு அந்த ஆண்டு மட்டும் நான்காயிரம் மனுக்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு சுவர். குறிப்பிடத்தக்க நிகழ்வு என்றால் என்ன என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். அது இன்னும் அறிக்கை கொடுக்கவில்லை. இவையெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்று காலை பஞ்சவர்ணம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, படிவம் ஒன்பதை எடுத்துப் பார்த்தாள். கடைசியில் மனுதாரர் வாக்குமூலம் என்று நான்கு கோடு விட்டிருந்தார்கள். அவள் கையெல்லாம் வார்னிஷ். பேனாவை அமலோற்பவத்திடமே கொடுத்தாள்.

"நீங்களே எழுதுங்கம்மா. நாலு மணி வரைக்கும் இருந்தேன்னு முந்திச் சொன்னது பொய்யி. பதினொண்ணு இருவத்தி ரெண்டுக்கு நான் வீட்டுக்குப் போயிட்டேன்."

அமலோற்பவம் எழுதினாள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள்.

"இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் பஞ்சவர்ணம். "நான் போனது அவருக்குத் தெரியும்னும் எழுதுங்க."